சும்மா கிடந்த கழுவெளி

ஒரு பெரிய பட்டணம், அதுக்கு ஒரு ராசா. கெட்டவரு இல்ல, ஆனா காதுதான் ஒரு தினுசு. மந்திரி சொன்னா உடனே கேக்கும், மத்தவங்க மூணு தரம் சொல்லணும். பட்டணத்துக்குத் தெக்கால ஒரு கழுவெளி. கழுவெளின்னா தெரியுமா? கண்ணுக்கு எட்டின மட்டும் சேறு, தண்ணி, கோரை, அதுல நாரையும் நத்தையும். அந்தக் கரையில பூவாயின்னு ஒரு வாத்துக்காரி நாப்பது வாத்த வச்சுப் பொழச்சுக்கிட்டு இருந்தா.

பட்டணம் பெருத்துச்சு, வீட்டுக்கு மேல வீடு வந்துச்சு, குருவி உக்காரக்கூட எடமில்ல. ராசாவுக்கே மனசு பொறுக்கல. "ஊரு ஓரத்துல ஒரு எடத்த மண்வெட்டி படாம அப்படியே விட்டுரணும். எதுன்னு பாத்துச் சொல்லு"ன்னாரு மந்திரிகிட்ட.

"மொட்டப்பாறைய விட்டுருவோம் மகராசா"ன்னான் மந்திரி. அந்தப் பாறையில ஓணான்கூட ஏறாது! அத எவன் தொடப் போறான்? அவன் கண்ணு கழுவெளி மேல. அத மண்ணப் போட்டுத் தூத்து மாளிகை கட்டணும்னு ஆச. "கழுவெளி சும்மாதானே கெடக்கு, எனக்குக் குடுங்க"ன்னான்.

"ஆமாமா, சும்மாதான் கெடக்கு"ன்னுட்டாரு ராசா.

இது பூவாயி காதுல விழுந்துச்சு. கழுவெளி போனா வாத்து எங்க போகும், அவ எங்க போவா? வாத்த ஓட்டிக்கிட்டே அரமனைக்குப் போயிட்டா. சிரிக்காதீங்கடா, நாப்பது வாத்தும் படியேறுது!

"ராசா, கழுவெளி சும்மா கெடக்கல"ன்னா. ராசா கேக்கல. "சும்மா கெடக்கல ராசா"ன்னா. ம்ஹூம். "சும்மா கெடக்கலைங்கிறேன்!"னு மூணாந்தரம் கத்துனா, நாப்பது வாத்தும் கூடச் சேந்து கத்துச்சு. அப்பத்தான் ராசா திரும்பினாரு.

"பின்ன என்ன பண்ணுது?"

"உங்க வாசல்ல ஒரு ஆளு ஈட்டிய வச்சுக்கிட்டு நிக்கிறானே, அவன் என்ன பண்றான்?"

"காவ காக்குறான். திருடன் வந்தா புடிப்பான்."

"கழுவெளியும் காவதான் ராசா. வெள்ளம் வந்தா புடிக்கும்."

மந்திரி சிரிச்சான். "இத்தன வருசத்துல ஊருக்குள்ள வெள்ளமே வரலையே?"

"காவக்காரன் நிக்கிறான், அதான் வரல"ன்னா பூவாயி.

ராசாவுக்கு அந்தப் பக்கமும் மனசு, இந்தப் பக்கமும் மனசு. பாதிய மந்திரிக்குக் குடுத்துட்டு, பாதிய அப்படியே விட்டாரு. தப்புத்தான். என்ன பண்றது, ராசா புத்தி.

மந்திரி தன் பாதியில மண்ணக் கொட்டித் தூத்தான், மாளிகை கட்டினான், பால் காய்ச்சிக் குடியும் போனான். அப்புறம் ஐப்பசி வந்துச்சு. மொத நா மழ. ரெண்டா நா மழ. மூணா நா வானமே பொத்துக்கிச்சு. வந்த வெள்ளத்த மிச்சமிருந்த பாதி கழுவெளி முடிஞ்ச மட்டும் குடிச்சுச்சு. குடிச்சும் மிஞ்சினது எங்க போகும்? பழகின எடத்துக்குத்தானே போகும்? நேரா மாளிகைக்குள்ள! பட்டணத்துக்குக் கணுக்கால் தண்ணி, மந்திரிக்குக் கழுத்துத் தண்ணி.

விடிஞ்சு பாத்தா, மாடியில மந்திரி "ஐயோ, ஐயோ"ங்கிறான், கீழ கூடத்துல வாத்து நீந்துது. பூவாயி நல்ல மனசுக்காரி, தெப்பம் கட்டிப் போயி அவன எறக்கிக் கொண்டாந்தா.

ராசா சும்மா விட்டாரா? மாளிகைய இடிச்சு, கொட்டின மண்ண எல்லாம் கூடை கூடையா அவனையே அள்ள வச்சாரு. அள்ளி முடிச்சதும் ஒரு ஈட்டியக் கையில குடுத்து, "முழுக் கழுவெளிக்கும் இனிமே நீதான்டா காவ"ன்னுட்டாரு.

இன்னிக்கும் அந்த வழியா போறவங்க, "என்ன மந்திரி, சும்மா நிக்கிறீங்க?"ன்னு கேப்பாங்க. "சும்மா நிக்கல"ன்னு அவன் மூணு தரம் சொல்லுவான், ஒருத்தரும் காதுல வாங்க மாட்டாங்க.

வாத்தும் கரை சேந்துச்சு, கதையும் கரை சேந்துச்சு.