எறும்புகள் வழியில் முகம் தொடுவது ஏன்?

அந்தக் காலத்தில் எறும்புகளுக்குப் பேச்சு இருந்தது, கணக்குதான் வரவில்லை. தெரிந்ததெல்லாம் சேர்ப்பது ஒன்றுதான். எதைப் பார்த்தாலும் சேர்த்துக்கொண்டு வந்துவிடும்.

வேப்பமரத்தடிப் புற்றில் வாசல் காத்த கடுக்கிக்கு இதனால் தினமும் தலைவேதனை. மழைக்கு முன் வாசலை மண்ணுருண்டையால் அடைத்தாக வேண்டும். பிந்தினால் உள்ளே முட்டைகள் மிதக்கும். முந்தினால் இரை தேடப் போனவர்கள் மிதப்பார்கள். அப்படிப் போகிறவர்களில் அவள் தங்கை சுறுக்கியும் ஒருத்தி.

"பதினஞ்சு பேர் போனீங்க. ஒன்பது பேர் வந்தாச்சு. ஒன்பதோட எத்தனை சேர்ந்தா பதினஞ்சு?" என்று ஒருநாள் மொத்தி என்கிற எறும்பைக் கேட்டாள்.

"இருபத்துநாலு அக்கா!" என்றாள் மொத்தி, பெருமையாக.

"அடி கூறுகெட்டவளே! போனதே பதினஞ்சுதான். இருபத்துநாலு எங்கேருந்துடி முளைக்கும்?"

"நீங்கதானே சேர்க்கச் சொன்னீங்க?"

கடுக்கி சுவரில் முட்டிக்கொண்டாள். அவளுக்கும் அவசரத்தில் விடை வரவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் வாசலில் பதினைந்து தினையை வைத்தாள். "திரும்பி வர்றவ ஆளுக்கு ஒண்ணு உள்ளே எடுத்துட்டுப் போங்க. எத்தனை தினை மிச்சமோ, அத்தனை பேர் இன்னும் வரலைன்னு அர்த்தம். ஆளுக்கு ஒண்ணுதான்!" என்று தொண்டை வறளச் சொன்னாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டுவதற்கென்ன, காசா பணமா?

மாலையில் மேகம் கறுத்தது. ஒவ்வொருத்தியாக வர, தினை குறைந்தது. மூன்று தினை மிச்சமிருக்கும்போது கடுக்கி மண்ணுருண்டை எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தால் வாசலில் ஒரு தினைகூட இல்லை. "அப்பாடா, எல்லாரும் வந்துட்டாங்க" என்று வாசலை அடைத்தாள். மழை கொட்டத் தொடங்கியது.

உள்ளே மொத்தி மூன்று தினையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"ஏன்டி மூணு?"

"கண்ணெதிரே தானியம் கிடக்கு அக்கா. எப்படி விட்டுட்டு வர்றது?"

மொத்தி சுற்றிலும் பார்த்தாள். "வந்தது பதிமூணு பேர். இன்னும் ரெண்டு சேர்ந்தாத்தான் பதினஞ்சு," என்றாள். பிறந்ததிலிருந்து அவள் சரியாகச் சொன்ன கணக்கு அது ஒன்றுதான். சுறுக்கியைக் காணோம்.

மண்ணுக்கு அப்பால் பிறாண்டும் சத்தம் கேட்டது. திறந்தால் முட்டைகள் அத்தனையும் போய்விடும். கடுக்கி திறக்கவில்லை, வாசலோடு முகத்தை வைத்து அழுதாள். பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று முதல்தான் எறும்புகள், தலைபோகிற அவசரமானாலும், எதிரே வரும் ஒவ்வொன்றையும் நிறுத்தி முகம் தொட்டு, "உனக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர்?" என்று கேட்டுவிட்டு நகர்கின்றன.