பரிசல்காரி நாச்சாயியும் நாப்பத்தஞ்சு பேரும்

சரி அம்மிணி, அந்தக் கணக்குப் புஸ்தகத்த மூடி அந்தப் பக்கம் வெய்யி. நாளைக்குப் பரிச்சைன்னா நாளைக்குப் பாத்துக்கலாம். மூணாங்கிளாஸ் கணக்குக்குப் போயி இவ்ளோ அழுகையா? மூக்கத் தொடச்சுட்டு இப்படி அத்தை பக்கத்துல படு. கதை சொல்றேன். ஆனா நீ "ம்" போடோணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பரிசல்காரி இருந்தா. பேரு நாச்சாயி. பரிசல்னா தெரியுமில்ல, மூங்கில்ல பின்னுன வட்டப் படகு, பெரிய கூடையாட்டம் இருக்கும். அதுல ஆளுங்கள ஏத்தி ஆத்தத் தாண்டி விடுறதுதான் அவ பொழப்பு. நாச்சாயி மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனா. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மணி பாக்கறது, அவ்ளோதான் படிச்சா. அதோட வீட்டுல நிறுத்திப்போட்டாங்க. அவளுக்கு அந்த வருத்தம் கடைசி வரைக்கும் இருந்துச்சு.

அந்த ஆத்துக்கு நடுவுல ஒரு திட்டு. திட்டு மேல முனியப்பன் கோயில். வருசத்துல ஒருநா, வெயில் காலத்துல தண்ணி முழங்காலுக்குக் கீழ இருக்கறப்போ, ஊருசனம் நடந்தே போயி அங்க பொங்கல் வெக்கும். சோத்து அண்டாவும் வெறகும் மட்டும் நாச்சாயி பரிசல்ல போகும்.

அப்புறம் ஒரு வருசம், பொங்கல் வெச்சு, சாப்புட்டு, எல்லாரும் அங்கங்க அசந்து உக்காந்திருக்காங்க. மத்தியானம் ரெண்டு மணி. கரையில டுர்ர்ருனு ஒரு ஜீப்பு வந்து நின்னுச்சு. மைக்குல சொல்றாங்க, மேல மலையில பேய்மழை, அணையத் தொறந்தாச்சு, மூணரை மணிக்குத் திட்டு முழுகிரும், எல்லாரும் கரையேறிருங்கன்னு. சொல்லி வாய் மூடல, தண்ணி குபுகுபுன்னு வருது. முழங்கால் தண்ணி இடுப்பாச்சு. இடுப்புத் தண்ணி நெஞ்சாச்சு. இனி நடந்து தாண்ட முடியாது. இருக்கறது நாச்சாயி பரிசல் ஒண்ணுதான். தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அப்போ மொதல்ல, துடுப்புப் போடற நாச்சாயியத் தவுத்து எத்தன பேருன்னு தெரியோணுமில்ல? ஊர்ல ரெண்டு தெரு. மேலத்தெரு ஆளுங்கள ஊர்த்தலைவர் எண்ணுனாரு, இருவத்தேழு. கீழத்தெரு ஆளுங்கள அங்கப்பன் எண்ணுனான், பதினெட்டு. அங்கப்பன்னா களத்துல நெல் அளக்கற ஆளு. எண்ணுறதுன்னாலே ஊர்ல அவனத்தான் கூப்புடுவாங்க.

தலைவர் ரெண்டையும் கூட்டி, முப்பத்தஞ்சுன்னாரு. நாச்சாயி, இல்லீங்க, இன்னொருக்கா கூட்டுங்கன்னா. ஏழும் எட்டும் எவ்வளவு, அம்மிணி?

"பதினஞ்சு."

அஞ்சக் கீழ எழுதிட்டு, அந்த ஒண்ண மேல கொண்டு போகோணும். அது வெறும் ஒண்ணு இல்ல. அது பத்து எடத்துல நிக்குது, அதனால பத்து பேரு. தலைவரு பதட்டத்துல அத விட்டுட்டாரு. நேத்து நீயும் அதத்தான விட்ட? உன்ற நோட்டுல விட்டா டீச்சர் சிவப்புப் பேனாவுல சுழிச்சுட்டுப் போயிருவாங்க. அங்க விட்டா பத்து பேர ஆத்துல விட்டுட்டு வந்த மாதிரி. நாச்சாயி மணல்ல கம்பால எழுதிக் காட்டுனா. நாப்பத்தஞ்சு. தலைவரு சரின்னு தலைய ஆட்டுனாரு.

"ம்."

அப்புறம், பரிசல்ல ஒரு நடைக்கு ஆறு பேரு. நாச்சாயி மனசுக்குள்ள ஆறாம் வாய்ப்பாடு சொன்னா. ஏழாறு நாப்பத்திரெண்டு. மீதி மூணு. கூட்டத்துல ஒருத்தரு, அப்போ ஏழு நடை போதும், அந்த மூணு பேர ஒரு நடைக்கு ஒருத்தரா சேத்து அமுக்கி உக்கார வெச்சுக்கலாம்னாரு. பஸ்சுல நெருக்கி ஏத்தற மாதிரி நெனைச்சுட்டாரு. ஏழாவது ஆளு ஏறுனா அந்தத் தண்ணி வேகத்துல பரிசல் கவுந்துரும்னு நாச்சாயிக்குத்தான தெரியும்.

"மீதியும் ஆளுங்கதானுங்க. அவங்களுக்கும் ஒரு நடை உண்டு. எட்டு நடை."

அப்படின்னா நாச்சாயி. அப்போ தலைவரு கைக்கடியாரத்தப் பாத்தாரு. மணி ரெண்டு பத்து. நேரம் பத்துமான்னு கேட்டாரு. போக அஞ்சு நிமிசம், வர அஞ்சு நிமிசம், நடைக்குப் பத்து. எட்டு நடைக்கு எம்பது. அதுல அறுவது போனா ஒரு மணி நேரம், மிச்சம் இருவது. ரெண்டு பத்தோட ஒரு மணி இருவது நிமிசத்தச் சேத்தா எவ்வளவுன்னு நீயே பாத்துக்கோ.

"மூணரை."

மூணரை. ஒரு நிமிசம்கூடக் கையில இல்ல. நாச்சாயி பிள்ளைங்கள மொதல்ல ஏத்துங்கன்னு சொல்லிட்டுத் துடுப்ப எடுத்தா.

சளப், சளப், சளப். ஒரு நடை. சளப், சளப், சளப். ரெண்டு நடை. தண்ணி செம்மண் நெறமாயிருச்சு. மரக்கெளையெல்லாம் மெதந்து வந்து பரிசல்ல டொக்கு டொக்குனு இடிக்குது. நாலாவது நடையில அவ உள்ளங்கைத் தோலு பிஞ்சு போச்சு. அஞ்சாவது நடைக்குத் திரும்பி வந்தப்போ கோயிலோட மொதப் படி தண்ணிக்குள்ள. ஏழாவது நடைக்கு மூணு படியும் உள்ள. இனி எத்தன, இனி எத்தனன்னு அது ஒண்ணுதான் அவ மனசுல ஓடுச்சு.

எட்டாவது நடையில தலைவரு, பூசாரி, அங்கப்பன், மூணு பேரு ஏறுனாங்க. கடைசி நடைக்குத் திரும்பிப் போற வேலை இல்லாததால, கரைக்கு வந்து சேந்தப்போ மணி மூணு இருவத்தஞ்சு. ஏழாறு நாப்பத்திரெண்டு, மீதி மூணு, மொத்தம் நாப்பத்தஞ்சு. கணக்குச் சரியா வந்துருச்சு. பொம்பளைங்கெல்லாம் நாச்சாயியக் கட்டிப் புடிச்சு அழுதாங்க. அவ கையில ரத்தம், துடுப்ப விட முடியல.

"ம்... முடிஞ்சுதா, அத்தை?"

முடியல கண்ணு. இனிமேதான் கதை.

அங்கப்பனுக்கு மனசு கேக்கல. பரிசல்ல கரையேறுன எல்லாரையும் ஒருக்கா எண்ணிப் பாத்தான். நாப்பத்திநாலு வந்துச்சு. ஒருத்தரு கொறையுதுன்னான். நாச்சாயி எண்ணுனா, நாப்பத்தஞ்சு. அங்கப்பன் மறுபடி எண்ணுனான், நாப்பத்திநாலு. ஒரே கூட்டம், ரெண்டு கணக்கு. நாச்சாயி அவன் பக்கத்துல வந்து நின்னு, அண்ணா, நான் பாக்க எண்ணுங்கன்னா.

அங்கப்பன் முன்னால நின்ன பாப்பா தலையத் தொட்டு "லாபம்"ன்னான். அடுத்த ஆளத் தொட்டு "ஒண்ணு"ன்னான்.

அது என்னன்னா அம்மிணி, அந்த ஊர்க் களத்துல ஒரு பழக்கம். மரக்கால்ங்கற அளவுப் பாத்திரத்துல நெல்லு அளக்கறப்போ, மொத மரக்கால ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. லாபம்னு சொல்லி, சாமிக்குன்னு தனியாக் கொட்டிருவாங்க. அது கணக்குல சேராது. ரெண்டாவது மரக்கால்தான் ஒண்ணு. நெல்லுக்கு அது நல்ல பழக்கந்தான். இருவது வருசம் அப்படியே அளந்து அளந்து, மனுசங்கள எண்ணறப்பவும் அங்கப்பன் வாயில அதுதான் வருது. அவனுக்கே தெரியல.

நாச்சாயி திட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தா. ஏன்னா அவன் திட்டுலயும் இப்படித்தான எண்ணியிருப்பான்? கீழத்தெரு ஆளுங்க பதினெட்டு இல்ல, பத்தொம்பது. கூட்டுனது சரி, வகுத்தது சரி, மணி சரி. எண்ணுனது தப்பு.

"அண்ணா, அங்க யாரத் தொட்டு லாபம்னு சொன்னீங்க?"

அங்கப்பன் சொன்னான்.

"எங்க ஆத்தாவ."

பாவாயி. தெருவுலயே மூத்த பொம்பளை. காது அவ்வளவாக் கேக்காது. சாப்புட்டுட்டு கோயிலுக்குப் பொறத்தால நெழல்ல படுத்திருந்துச்சு. மூத்தவங்கள்லருந்து ஆரம்பிக்கோணும்னு மரியாதையா மொதல்ல போயி ஆத்தாவத் தொட்டிருக்கான். ஆத்தா மொத நடையில மருமகளோட போயிருக்கும்னு அவன் நெனைச்சான். மகன் கூட்டிட்டு வருவான்னு மருமக நெனைச்சா. நம்பரு சரியா வந்துருச்சுன்னு யாரும் மொகத்தத் தேடிப் பாக்கல. கடைசி நடையில பரிசல்ல மூணு எடம் காலியாக் கெடந்துச்சு, கண்ணு.

"ம்."

மணி மூணரை. தலைவரு போகாத, போனா நீயும் வர மாட்டன்னு நாச்சாயி கையப் புடிச்சாரு. அவ உதறிட்டுப் பரிசல்ல ஏறுனா. அங்கப்பனும் ஏறுனான். அஞ்சு நிமிசத் தூரம் கால் மணி நேரம் ஆச்சு. பரிசலு கிறுகிறுன்னு சுத்துது. அங்க போனா திட்டு இல்ல. கோயிலோட கோபுரமும் முனியப்பன் செலையும்தான் தண்ணிக்கு மேல தெரியுது. முனியப்பன் மடியில ஏறி, அவரு கழுத்தக் கட்டிக்கிட்டு பாவாயி உக்காந்திருந்துச்சு. தண்ணி இடுப்பளவு. அழுகல, கத்தல.

அங்கப்பன் ஆத்தாவத் தூக்கிப் பரிசல்ல வெச்சான். சளப், சளப். நாச்சாயி பல்லக் கடிச்சுட்டுத் தொழாவுறா. பாதி ஆத்துல வரப்போ பாவாயி மகன் மொகத்தப் பாத்துக் கேட்டுச்சு.

"ஏஞ்சாமி, எல்லாத்தையும் எண்ணுனியே. என்னைய எண்ணலியா?"

மொதல்ல உன்னைத்தான் தொட்டேன் ஆத்தான்னு அவன் அவ காதுகிட்ட குனிஞ்சு சொன்னான்.

"தொட்ட. நாங்கூட முழிச்சுப் பாத்தேன். எண்ணலியே சாமி."

அவன் தன் துண்ட எடுத்து ஆத்தா தலையத் துவட்டுனான். பரிசல் கரைக்கு வந்துருச்சு.

அப்புறம் அறுப்பு முடிஞ்சு களத்துல நெல்லு மலையாட்டம் குமிஞ்சு கெடக்கு. ஊரே நிக்குது. பாவாயியும் ஒரு ஓரமா உக்காந்திருக்கு. அங்கப்பன் மரக்கால நெல்லுக்குள்ள விட்டு அள்ளுனான். எல்லாரும் லாபம்னு சொல்லுவான்னு பாத்துட்டு இருக்காங்க. அவன் ஆத்தாவப் பாத்து, "ஒண்ணு"ன்னான்.

அப்போதிருந்து அந்த ஊர்ல சாமிக்குக் கடைசி மரக்கால்தான். முனியப்பன் ஒண்ணும் கோவிச்சுக்கல.

இப்போ சொல்லு. அன்னிக்குத் திட்டுல, நாச்சாயியத் தவுத்து, மொத்தம் எத்தன பேரு, அம்மிணி?

"நாப்பத்தஞ்சு... இல்ல அத்தை. நாப்பத்தாறு."

ஆமா, நாப்பத்தாறு. பரிசலக் கட்டியாச்சு, கதையும் கரையேறியாச்சு. கண்ண மூடித் தூங்கு சாமி.