அரசனின் ஆடு தின்ற காடு

கேளுங்கள், பெரியவர்களே, சிறியவர்களே. இது நேற்று நடந்ததல்ல, உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் முன்னால் நடந்தது.

வேங்கைமலை என்று ஒரு நாடு இருந்தது. அதை நெடுவேளான் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் மூன்று விஷயங்களில் பிடிவாதக்காரன். சொன்ன சொல்லை மாற்ற மாட்டான். தன் காட்டில் ஒரு மரம் குறைந்தாலும் பொறுக்க மாட்டான். தன் மந்தையை யாராவது குறை சொன்னால் அன்றைக்குச் சாப்பிட மாட்டான்.

மந்தை சிறியதல்ல. ஆயிரம் மாடு, இரண்டாயிரம் ஆடு. எல்லாம் விடிந்ததும் காட்டுக்குள் போகும், பொழுது சாய்ந்தால் திரும்பும். அதில் பவளம் என்று ஒரு வெள்ளாடு. அரசன் கையால் வெல்லம் தின்று வளர்ந்தது. கழுத்தில் வெள்ளி மணி கட்டியிருக்கும். பவளம் சந்தைக்குள் புகுந்து கீரைக்கட்டை இழுத்தால், கீரைக்காரி கும்பிட்டுக்கொண்டு நிற்பாளே தவிர விரட்ட மாட்டாள்.

ஒருநாள் அரசன் வேட்டைக்குப் போனான். காட்டுக்குள் அவன் தலையில் வெயில் அடித்தது. அவன் தகப்பன் காலத்தில் உச்சிவேளையிலும் தரை தெரியாத காடு அது. இப்போதோ இங்கே ஒரு கிழட்டு வேங்கை மரம், அங்கே ஒரு கிழட்டு வேங்கை மரம், நடுவில் பொட்டல்.

"என் மரங்களைத் திருடுவது யார்?" என்று கேட்டான் அரசன்.

கூட வந்த பிடவன், அரசனின் மந்தைக்குத் தலைவன், யோசிக்கவே இல்லை. "தேனெடுக்கிறவர்கள்தான், அரசே. புகை போடுகிறார்கள், கொப்பு ஒடிக்கிறார்கள், அடுப்பு எரிக்கிறார்கள். காட்டுக்குள் வேறு யார் இருக்கிறார்கள்?"

தினமும் மூவாயிரம் வாய்கள் இருந்தன. அவன் அதைச் சொல்லவில்லை.

அரசன் ஓலை எழுதச் சொன்னான். தேனெடுக்கும் நாற்பது குடும்பங்களும் அமாவாசைக்குள் காட்டைவிட்டுப் போய்விட வேண்டும். மலையைவிட்டு இறங்கியறியாத சனம் அது. கைக்குழந்தைகளோடு குடிசை வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் அழவில்லை. அவள் பெயர் முள்ளி. செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேனடை அறுப்பவள். நேரே அரண்மனைக்குப் போனாள்.

"அரசே, மூன்று நாள் கொடுங்கள். திருடனைப் பிடித்துத் தருகிறேன்."

"பிடித்தால்?"

"எங்களுக்கு எழுதிய தண்டனையை அவனுக்குக் கொடுங்கள். போதும்."

"யாராக இருந்தாலும் கொடுப்பேன்" என்றான் அரசன். பிடவன் மீசைக்குள் சிரித்துக்கொண்டான்.

முதல் நாள், முள்ளி அரசனையும் பிடவனையும் காட்டுக்கு அழைத்துப் போனாள்.

"பிடவண்ணா, காடு உங்களுக்கு அத்துப்படி. நூறு வயது வேங்கை ஒன்று காட்டுங்கள்."

நின்ற இடத்திலிருந்தே பத்து மரங்களைக் காட்டினான்.

"இருபது வயது வேங்கை ஒன்று?"

தேடினான். உச்சிவேளைவரை தேடினான். கிடைக்கவில்லை.

"போகட்டும். இரண்டு வயது மரக்கன்று ஒன்று?"

பொழுது சாயும்வரை புதர் புதராகத் தேடினான். காலில் முள் குத்தியதுதான் மிச்சம்.

முள்ளி அரசனிடம் சொன்னாள்: "பார்த்தீர்களா? திருடன் கிழவர்களைத் தொடவே இல்லை. பிள்ளைகளைத்தான் கொண்டுபோயிருக்கிறான். கிழவர்கள் வயதாகி விழுகிறார்கள், அவர்கள் இடத்தில் நிற்க ஆளில்லை. கோடரியோடு வருகிறவன் பெரிய மரத்தை விட்டுவிட்டு, முழங்கால் உயரச் செடியையா வெட்டுவான்?"

"மழை பொய்த்திருக்கும். விதை முளைத்திருக்காது" என்றான் பிடவன்.

பக்கத்தில் ஒரு பாறை. அதன் நடுவில் திண்டுபோல ஓர் இடம். மாடும் ஏற முடியாது, ஆடும் ஏற முடியாது. முள்ளி கயிற்றைப் பிடித்து ஏறிப்போய் மூன்று வேங்கைக் கன்றுகளை வேரோடும் மண்ணோடும் கொண்டுவந்தாள்.

"அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, அரசே. அதே மழைதான். அதே விதைதான்."

இரண்டாம் நாள் மூன்று கன்றுகளையும் நட்டாள். ஒன்று தேனெடுப்பவர்களின் குடிசைப் பக்கம். ஒன்று தச்சன் வீட்டு வாசலில். ஒன்று மந்தை போகும் வழியில். ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலன். கன்றைத் தொடுகிறவன் யாரானாலும் சபைக்கு இழுத்துவர வேண்டும் என்பது அரசன் ஆணை.

மூன்றாம் நாள் சபை கூடியது.

முதல் காவலன் வந்தான். "ஒரு பிள்ளை வந்து தண்ணீர் ஊற்றியது, அரசே. வேறொன்றும் நடக்கவில்லை."

இரண்டாம் காவலன் வந்தான். "தச்சன் பார்த்தான். 'அறுக்க ஐம்பது வருஷம் ஆகும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்."

மூன்றாம் காவலனைக் காணோம். வெகுநேரம் கழித்து வாசலில் மணிச் சத்தம் கேட்டது. காவலன் வேர்த்துக் கொட்டியபடி ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தான். கயிற்றின் மறுமுனையில் பவளம். அதன் வாயில் வேங்கைக் கன்றின் கடைசித் தண்டு, வெற்றிலைக் காம்புபோல ஆடிக்கொண்டிருந்தது.

"ஆணைப்படி திருடனைக் கொண்டுவந்திருக்கிறேன், அரசே. கூட்டாளிகள் இருநூறு பேர் வெளியே நிற்கிறார்கள்."



"ஒரு ஆடு ஒரு செடியைத் தின்றதற்கா இவ்வளவு பாடு?" என்றான் பிடவன்.

"ஒரு செடிதான் அண்ணா" என்றாள் முள்ளி. "ஒரு ஆட்டுக்கு. ஒரு வேளைக்கு."

அரசன் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தான். பாதியிலேயே நிறுத்திவிட்டான். முகம் கறுத்துப்போனது.

"தண்டனை ஓலையைப் படியுங்கள்" என்றான்.

எழுத்தர் எழுந்து ஓலையை நீட்டிப் பிடித்தார். தொண்டையைக் கனைத்தார். அதற்குள் பவளம் கழுத்தை நீட்டி ஓலையைப் பறித்து, நிதானமாக மென்று விழுங்கியது. எழுத்தர் கையில் ஓலையைக் கட்டிய நூல் மட்டும் மிஞ்சியது.

முதலில் ராணி சிரித்தாள். அப்புறம் அமைச்சர் சிரித்தார். கடைசியில் அரசனும் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை. எல்லாம் சிரிப்பால் வந்த தண்ணீர் என்று சொல்ல முடியாது.

"ஓலை போனாலும் சொல் போகாது. மந்தை காட்டைவிட்டு வெளியேறட்டும்" என்றான்.

அப்போதுதான் பிடவன் முதல் தடவையாக மனசிலிருந்து பேசினான். "பழியை இவர்கள்மேல் போட்டது என் தப்பு, அரசே. ஆனால் ஆயிரம் மாட்டையும் ஒரே நாளில் வெளியே விரட்டினால் புல்லில்லாமல் செத்துப்போகும். மேய்க்கிற எழுபது குடும்பமும் எங்கே போகும்?"

எல்லோரும் முள்ளியைப் பார்த்தார்கள். அவள் ஜெயித்துவிட்டாள், பேசாமல் இருந்திருக்கலாம்.

"துளிர் தேடித் தின்பது ஆடுதான். அது கீழே கரட்டு நிலத்துக்குப் போகட்டும், உங்கள் சொல்லும் நிற்கும்" என்றாள். "புகார் சொன்னவள் நான், மாடுகளை நான் மன்னிக்கிறேன். காட்டை மூன்று பங்காக்குங்கள். ஒரு பங்குக்கு முள்வேலி போடுங்கள். கன்றெல்லாம் மாட்டு வாய்க்கு எட்டாத உயரம் வளரும்வரை அங்கே ஒரு குளம்பும் படக்கூடாது. பிறகு அடுத்த பங்கு."

"வேலிக்குக் காவல் யார்?"

"பிடவண்ணாதான். மந்தை எந்தெந்தச் சந்தில் நுழையும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்?"

அப்படியே நடந்தது. தேனெடுப்பவர்கள் தங்கள் குடிசைகளிலேயே தங்கினார்கள். பவளம் கரட்டில் கள்ளிச்செடியை முகர்ந்து பார்த்துத் தும்மியது.

பன்னிரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் அரசன் யானைமேல் ஏறி அந்த முதல் பங்குக் காட்டுக்குப் போனான். யானை நுழைய வழியில்லை. இரண்டு ஆள் உயரத்துக்கு இளம் வேங்கைகள் நெருங்கி நின்றன. இறங்கி நடந்தான். ஒரு கொப்பு அவன் தலைப்பாகையைப் பறித்துக்கொண்டது.

"நாலு கன்றை வெட்டி வழி பண்ணு" என்றான் கோபமாக.

நரைத்த மீசையோடு நின்ற பிடவன் இடுப்பில் கைவைத்தான். "மன்னிக்க வேண்டும், அரசே. சுற்றித்தான் போக வேண்டும்."

அரசன் சுற்றித்தான் போனான்.

நிற்கும் மரத்தை எண்ணி மகிழ்கிறவன் காட்டைக் காப்பதில்லை, முளைக்கும் கன்றைக் காப்பவனே காட்டைக் காக்கிறான் என்பதை இதனால் அறிந்துகொள்ளுங்கள்.