எல்லாவற்றுக்கும் சரி சொன்ன மைனா

ஏரிக்கரைப் புதரடியில் கொறியன் என்றொரு வெள்ளெலி இருந்தது. மனைவி தினைச்சி. ஏழு குஞ்சுகள், இன்னும் கண் திறக்காதவை.

கொறியனுக்கு ஒரே ஆசை. கரையில் எங்கே நாலு பேர் கூடினாலும் நடுவில் தான் இருக்க வேண்டும். அழைப்பு வராத நாளில் அதற்குத் தினைச்சோறு இறங்காது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. விசேஷத்துக்கு அழைக்க வருகிறவர் வளைக்குள் வந்து வெற்றிலை வைத்துத்தான் அழைப்பார். அவர் வந்ததும் வாசலை அடைத்திருக்கும் கருவேல முள்ளை விலக்க வேண்டும். நாளுக்குப் பத்து முறை முள்ளை விலக்குவது பெரிய மனிதர் செய்கிற வேலையா? கொறியன் ஒரு மைனாவை வாசலில் வேலைக்கு வைத்தது.

"யார் கூப்பிட்டாலும் 'வர்றோம், ரொம்ப சந்தோஷம்'னு சொல்லு! முள்ளை விலக்கு! அவ்வளவுதான்!"

"யாரு, என்னன்னு கேக்கணுமா அண்ணே?"

"கேட்டா என் மரியாதை என்ன ஆவுறது? கேக்காதே!"

தினைச்சிக்கு இது பிடிக்கவில்லை. "தெரிஞ்சவங்களுக்கு மட்டும் முள்ளை எடுக்கச் சொல்லுங்க. வீட்டுல பச்சைக் குஞ்சுங்க இருக்கு" என்றது.

"உனக்கு ஊர் உலகம் தெரியாது!" என்றது கொறியன். அதற்குத் தெரிந்த உலகம் ஏரியின் இந்தக் கரை மட்டும்தான்.

மைனா வேலையில் கெட்டி. இலை அசைந்தாலும் "வர்றோம், ரொம்ப சந்தோஷம்!" என்று கத்தியது. ஒரே மாதத்தில் கொறியன் ஆமைகளின் விரைவோட்டச் சங்கத்தில் உறுப்பினர் ஆனது. வௌவால்களின் விருந்தில் தலைகீழாகத் தொங்கிச் சாப்பிட்டு மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. எருமைகளின் சேற்றுக் குளியலில் நசுங்கப் பார்த்தது. கேட்டவர்களிடம் "என்ன செய்யிறது, விட மாட்டேங்கிறாங்க!" என்று அலுத்துக்கொண்டது.

ஒரு நாள் காலை ஆமைச் சங்கத்தில் கொறியனுக்குப் பாராட்டு. அது கிளம்பிப் போன பிறகு ஒரு சாரைப்பாம்பு வந்தது. வாயில் மரியாதையாக ஒரு வெற்றிலை.

"எங்க வீட்டுல விருந்து. குடும்பத்தோட வரணும். எத்தனை பேரு?" என்றது சாரை.

"ஒன்பது பேர்! வர்றோம், ரொம்ப சந்தோஷம்!" என்றது மைனா.

"ஒன்பதா! எனக்கும் ரொம்ப சந்தோஷம். உள்ளே போய் நேர்ல அழைக்கட்டுமா?"

மைனா முள்ளை விலக்கியது.

தினைச்சிக்குச் சாரையின் குரல் தெரியும். தினைச்சியின் அம்மா கடைசியாகக் கேட்ட குரல் அது. குஞ்சுகளை ஒவ்வொன்றாய்க் கவ்விப் பின்பக்கப் பொந்து வழியாக வெளியே இழுத்துப் போட்டது. ஏழாவதை இழுத்தபோது சாரையின் மூச்சு அதன் வாலில் பட்டது. பொந்து எலிக்குத்தான் அகலம், சாரைக்கு இல்லை.

மத்தியானம் கொறியன் கழுத்தில் மாலையோடு திரும்பியது.

"அண்ணே, புது அழைப்பு! குடும்பத்தோட விருந்து! சரின்னு சொல்லிட்டேன்!"

"சபாஷ்! யார் வீட்டுல?"

"நீங்கதான் கேக்காதேன்னீங்க. கூப்பிட வந்தவரு உள்ளேதான் இருக்காரு."

கொறியன் மீசையை நீவிக்கொண்டு தலையை உள்ளே நீட்டியது. இருட்டில் இரண்டு கண்கள் மின்னின.

"வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்!" என்றது சாரை.

கொறியன் தலையைப் பின்னுக்கு இழுத்தது. "என் குஞ்சுங்க எங்கே?"

"கிட்ட வாங்க, சொல்றேன்."

மைனா கடமை தவறாதது. மேலிருந்து, "வர்றோம், ரொம்ப சந்தோஷம்!" என்றது.

"வர மாட்டேன்!" என்று அலறியது கொறியன். பிறந்தது முதல் அது யாருக்கும் சொல்லாத வார்த்தை. மாலையைப் போட்டுவிட்டு ஓடியது.

சாயங்காலம்தான் கோரைப்புல்லுக்குள் தினைச்சியைக் கண்டுபிடித்தது. குஞ்சுகளை மோந்து மோந்து எண்ணியது. ஏழு. அங்கேயே உட்கார்ந்து அழுதது.

"ஏழும் இருக்கு, வீடுதான் இல்லை" என்றது தினைச்சி. "கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்ததுன்னு சொல்வாங்க. கரையான்கூட வாசல்ல ஆள் வச்சு வரவேற்கலை."

சாரை அந்த வளையிலேயே தங்கிவிட்டது. மைனாவை அது வேலையை விட்டு நீக்கவில்லை. மறுநாள் கொறியனைக் கச்சேரிக்கு அழைக்க வெற்றிலையோடு மூன்று தவளைகள் வந்தன. மைனா முள்ளை விலக்கியது. தவளைகள் உள்ளே போயின. அன்று கச்சேரி நடக்கவில்லை.

எந்த வேலையை யாரிடம் விட்டாலும், வாசலில் நிற்பவர் யாரென்று பார்க்கும் வேலையை வீட்டுக்காரன்தான் செய்ய வேண்டும்.