தர்மகர்த்தாவின் துண்டு

தர்மகர்த்தா நாகசுந்தரம் சொன்னால் ஊரில் மறுபேச்சே கிடையாது. கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற நேரம், தன்னைப் படமெடுக்கப் படக்காரி மங்கையைக் கூப்பிட்டார்.

"செவ்வானமும் தெரியணும், என் முகமும் தெரியணும். இல்லேன்னா கோயில் கடையிலேர்ந்து உன் ஸ்டூடியோவைக் காலி பண்ணிடு!"

முதல் படத்தில் அவர் முகம் கரிச்சட்டி. பிளாஷ் போட்டு எடுத்தால் சுண்ணாம்புச் சுவர். வேடிக்கை பார்த்த கூட்டம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது.

மங்கை அசரவில்லை. "சாமி கோபுரத்துக்கு முன்னால துண்டு தோள்ல இருக்கலாங்களா, ஐயா?" என்றாள் பணிவாக.

ஊரே பார்த்தது. வேறு வழியில்லாமல் எடுத்து நீட்டினார். அந்த வெள்ளைத் துண்டை இரண்டாக மடித்துப் பிளாஷின்மேல் போர்த்தினாள்; வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி கேமராவின் அளவைத் திருகி வைத்துச் சொடுக்கினாள். படத்தில் வானமும் சிவந்திருந்தது, முகமும் தெளிந்திருந்தது.

"எப்படிம்மா?"

"பிளாஷைக் கொஞ்சம் அடக்கினேங்கய்யா, அவ்வளவுதான்."

"என்னையுந்தான்!" என்று சொல்லித் தர்மகர்த்தாவே முதலில் சிரித்தார்.