ஊர் சுற்றிப் பார்த்த துண்டு

சுண்டைக்காட்டுக்காரர்கள் கெட்டவர்கள் அல்ல. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களுடைய கஷ்டமெல்லாம் அங்கேதான் தொடங்கும்.

அந்த ஊர்த் தில்லைக்கண்ணுவின் மனைவி வடிவாம்பாளுக்கு ஐந்தாம் மாதம். மசக்கையில் மற்ற பெண்கள் மாங்காய் கேட்பார்கள், சாம்பல் கேட்பார்கள். வடிவு கடலைப் பார்க்க வேண்டும் என்றாள்.

“ஒரு சொம்புல கொண்டு வரட்டுமா?” என்றான் தில்லைக்கண்ணு.

“முழுசாப் பார்க்கணும். நீங்க எனக்குக் கடலைக் காட்டலைன்னா, நான் உங்களுக்குப் பிள்ளையைக் காட்ட மாட்டேன். எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

வடிவு சொன்னால் செய்கிறவள். தில்லைக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரமே சென்னைக்குக் கிளம்பினார்கள். துணைக்கு வடிவின் அண்ணன் மாசிலாமணி வந்தான். வழிகாட்டக் குழந்தைவேலு அண்ணன் வந்தார். குழந்தைவேலு ஏற்கெனவே ஒருமுறை சென்னைக்குப் போனவர். கூட்டமாக இருக்கிறதே, கலையட்டும் என்று ரயில்வே ஸ்டேஷனிலேயே இரண்டு நாள் காத்திருந்துவிட்டுத் திரும்பியவர்.

அதைவிட முக்கியமான தகுதி ஒன்று அவருக்கு இருந்தது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. அவர் வெளியே நின்று வீசினால், துண்டு ஜன்னல் வழியாகப் போய், மூன்றாவது வரிசை ஓரச் சீட்டில் மடிப்புக் கலையாமல் உட்காரும்.

சுற்றுலா கவுண்ட்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். “ஒரே டிக்கெட், நாள் முழுக்கச் செல்லும். எந்த ஸ்டாப்ல வேணும்னாலும் இறங்கிச் சுத்திப் பார்க்கலாம். முடிச்சதும் அடுத்து வர்ற பஸ்ல ஏறிக்கலாம். உங்களுக்கு ஏசி பஸ்ஸா, மொட்டை மாடி பஸ்ஸா?”

“ஏசின்னா குளுகுளுன்னு இருக்கும் மாப்ளே. தங்கச்சிக்கு நல்லது” என்றான் மாசிலாமணி.

குழந்தைவேலு அந்த ஏசி பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். முகம் இருண்டது.

“ஜன்னல் திறக்காது.”

“திறக்காட்டி என்னண்ணே?”

“துண்டை எப்படிடா போடுறது?”

மாசிலாமணிக்கு உடம்பு சிலிர்த்தது. தெரியாமல் டிக்கெட் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

“ஆனா அந்த இன்னொரு பஸ்ல மேல கூரையே இல்லையே” என்றான் தில்லைக்கண்ணு. “பாதி கட்டின வண்டிக்கு எதுக்கு முழுக் காசு?”

“புரியாமப் பேசாதே. துண்டு போடுறதுக்குன்னே கட்டின வண்டி அது. எந்தப் பக்கம் நின்னு வேணும்னாலும் போடலாம்.”

மொட்டை மாடி பஸ் முடிவாயிற்று. பஸ்ஸில் ஓர் ஆள்கூட இல்லை. இருந்தாலும் குழந்தைவேலு கீழே நின்றபடியே மூன்று துண்டுகளை மேலே வீசினார். நாலாவது சீட்டுக்கு வடிவின் புளிசாதத் தூக்குவாளியைக் கேட்டார். வடிவு கொடுக்கவில்லை. அதை அவளே மாடிக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

முதல் ஸ்டாப் மியூசியம்.

“இறங்குங்க” என்றார் குழந்தைவேலு.

“கடல் வரட்டுமே அண்ணே” என்றாள் வடிவு.

“இறங்கிப் பார்க்கலாம்னுதானே காசு வாங்கினாங்க? இறங்காம இருந்தா அவங்களுக்குத்தான் லாபம்.”

இறங்கினார்கள். இடம் போய்விடக் கூடாதே என்று துண்டுகளையும் தூக்குவாளியையும் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ் வந்தது. கண்டக்டர் கையைக் காட்டினார். “வாங்க, ஏறுங்க.”

“இதுல எங்க இடம் இல்லீங்க” என்றார் குழந்தைவேலு.

“வண்டியே காலியா இருக்கு!”

“காலியாத்தான் இருக்கு. நாங்க இடம் போட்டது முன்னாடி போயிட்டிருக்கு.”

“எல்லாப் பஸ்ஸும் ஒண்ணுதான் பெரியவரே.”

“அப்ப எங்க துண்டைக் காட்டுங்க.”

கண்டக்டரால் காட்ட முடியவில்லை. இப்படியே இன்னும் சில பஸ்கள் வந்தன, போயின. மியூசியத்துக்குள் போகலாமா என்று மாசிலாமணி கேட்டான். துண்டு வரும்போது ஆள் இல்லாவிட்டால் அது என்ன நினைக்கும் என்று குழந்தைவேலு கேட்டார். யாரும் போகவில்லை.

மத்தியானம் வடிவுக்குப் பசித்தது. “என் புளிசாதம் இந்நேரம் கடலைப் பார்த்திருக்கும்” என்றாள். தில்லைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டான்.

வெயில் தாழத் தொடங்கியபோது துண்டுகள் வந்தன. பஸ் நிறையக் கூட்டம். மாடியில் ஒரு குடும்பமே கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தது. ஆனால் துண்டு போட்ட மூன்று சீட்டிலும், தூக்குவாளி இருந்த சீட்டிலும் ஒருவரும் உட்காரவில்லை.

“மரியாதை தெரிஞ்ச ஜனங்க” என்று குழந்தைவேலு கண்கலங்கினார்.

ஏறி உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். இனி எங்கேயும் இறங்குவதில்லை என்று தீர்மானம் ஆயிற்று. இறங்கினால் இடம் ஊர் சுற்றப் போய்விடுகிறது.

பஸ் கடற்கரைச் சாலைக்குத் திரும்பியது. ஒலிபெருக்கி பேசியது. “உங்கள் வலது பக்கம் பாருங்கள். நூறாண்டு பழமையான கட்டடங்கள்.”

நால்வரும் வலது பக்கம் பார்த்தார்கள்.

“ஏங்க, இந்தப் பக்கம் என்னமோ இரையுதுங்க” என்றாள் வடிவு.

“திரும்பாதே. வலது பக்கம்னுதான் சொல்லியிருக்கு.”

“காத்து வேற உப்புக் கரிக்குது.”

“புளிசாதத்துல உப்புத் தூக்கலா இருந்திருக்கும்” என்றான் மாசிலாமணி.

கடற்கரை ஸ்டாப்பில் பாதிப் பஸ் இறங்கிப்போனது. இடத்தை விட்டுவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்துக் குழந்தைவேலு பரிதாபப்பட்டார். பஸ் கோடிவரை போய், அதே சாலையில் திரும்பி வந்தது. இப்போது ஒலிபெருக்கி இடது பக்கம் பார்க்கச் சொன்னது. பார்த்தார்கள். அதே கட்டடங்கள்தான்.

“கடைசி ஸ்டாப், எல்லாரும் இறங்குங்க” என்றார் கண்டக்டர்.

வடிவு எழுந்திருக்கவில்லை. “கடல் எங்கே?”

“ரெண்டு தடவை தாண்டியாச்சேம்மா!”

வடிவு அழவில்லை. காலித் தூக்குவாளியை மூடினாள். “எங்க அம்மா ஊருக்கு எந்த பஸ்ஸுங்க?” என்று கண்டக்டரைக் கேட்டாள்.

தில்லைக்கண்ணு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “ஐயா, இவங்களுக்குக் கடலைக் காட்டலைன்னா எனக்கு என் பிள்ளையைக் காட்ட மாட்டாங்கய்யா.”

கண்டக்டர் அவனையும் வடிவின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். “டெப்போவுக்கு அந்த வழியாத்தான் போறோம். இறக்கி விடுறேன். ஆனா துண்டையும் எடுத்துக்கிட்டு இறங்கணும்!”

துண்டுகளை எடுத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். மணலில் கொஞ்ச தூரம் நடந்ததும், யாரும் பாரென்று சொல்லாமலே கடல் தெரிந்தது. வடிவு நின்றுவிட்டாள். அலை காலை நனைத்தது. பிறகு புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

“பிள்ளை பிறந்ததும் கூட்டிட்டு வந்து இதைக் காட்டணுங்க.”

தில்லைக்கண்ணுவுக்கு உயிர் வந்தது. உடனே கவலையும் வந்தது. “அதுவரைக்கும் இடம் இருக்குமாண்ணே? இவ்வளவு கூட்டமா இருக்கே.”

குழந்தைவேலு கடலைக் கண்ணால் அளந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மடித்தார். ஒரே வீச்சு.

அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது.

“யாரோ எடுத்துப் போடுறாங்கண்ணே!” என்றான் மாசிலாமணி.

“விட்டுக் கொடுக்கக் கூடாது” என்று மறுபடியும் வீசினார். இந்தத் தடவை துண்டு நின்றது. தண்ணீர்மேல் அகலமாக விரிந்து, சுகமாக ஆடியது.

அந்த நேரம் பார்த்து, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு ஒருவர் நேராக அந்த இடத்துக்கே வந்து நின்றார்.

“யோவ்!” குழந்தைவேலு கத்தினார். “அங்க துண்டு கிடக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?”

அந்த மனிதர் குனிந்து பார்த்தார். துண்டு கிடந்தது. பதறிப்போய் நாலடி தள்ளி நின்றார்.

“கவனிக்கலைங்க, மன்னிச்சுக்குங்க. எத்தனை பேர் வர்றீங்க?”

“அஞ்சு பேர்” என்றார் குழந்தைவேலு. “ஒருத்தர் இன்னும் பிறக்கலை.”

“சரிங்க” என்றார் அவர். “யாராவது கேட்டா, ஆள் வருதுன்னு சொல்லிடுறேன்.”