நூற்றெட்டுக் கண்ணி

"எனக்கு எப்பம்மா மந்திரம் சொல்லித் தருவீங்க?"

கோத்தகிரிக்கு மேலே இருக்கிற மடத்தில் வேலாயுதப் பெருமாள் மூன்று மாதமாகக் கேட்கிற கேள்வி இது. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற மனுசன். காத்திருந்து பழக்கமில்லை, காக்க வைத்துத்தான் பழக்கம்.

மடத்துத் தலைவி பூரணத்தம்மாவுக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். யாருக்கு மந்திரம் சொன்னாலும் சரி, சொன்ன கையோடு கருப்பட்டிக் காப்பி தானே போட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள். அது அங்கே வழக்கம். பெருமாளுக்கு அந்த வாசம்கூட இன்னும் வந்தபாடில்லை.

அம்மா இரண்டு பின்னல் ஊசியை நீட்டினாள்.

"சமையல்கார மாதப்பன் குளிர்ல நடுங்குறான். ஒரு ஸ்வெட்டர் பின்னுங்க. அப்புறம் பார்ப்போம்."

பெருமாள் சந்தைக்குப் போய் மலிவாகத் தடித்த நைலான் நூல் வாங்கினார். ஊசியில் அது கிறீச்சிட்டது. விரல் காய்த்தது. புண்ணியமாவது சேரட்டும் என்று கழுத்துச் சுற்றுக்கு ஊசியில் நூற்றெட்டுக் கண்ணி போட்டார்.

பின்னி முடித்ததும் மாதப்பன் அதில் தலையை நுழைத்தான். ஸ்வெட்டர் தோளில் நிற்காமல் நேரே இடுப்புக்கு இறங்கிவிட்டது.

"பாவாடை நல்லாருக்குங்கய்யா," என்றான்.

அன்று முழுக்கச் சொறிந்துகொண்டே சோறு வடித்தான்.

பெருமாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மந்திரம் இந்த ஜென்மத்தில் இல்லை என்று பெட்டியைக் கட்டினார்.

அம்மா வந்து ஓர் உருண்டை நூலை அவர் மடியில் வைத்தாள். அசல் கம்பளி.

"எத்தனை கண்ணிம்மா?"

"எனக்கென்ன தெரியும்? மாதப்பன் கழுத்தைக் கேளுங்க."

நூலைத் தொட்டுப் பார்த்தார். பூனை வயிறு மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. இழுத்தால் கொடுத்தது, விட்டால் சேர்ந்துகொண்டது. தப்பாகப் போட்டதைப் பிரித்தால் கோபித்துக்கொள்ளாமல் மறுபடி வந்தது. தாலுக்கா ஆபீசில் இப்படி ஓர் ஆளைப் பார்த்ததில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

பெட்டி கட்டினபடியே கிடந்தது.

ஆடி போய் ஐப்பசி வந்தது. ஸ்வெட்டர் மாதப்பனுக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. கழற்ற மனசில்லாமல் நாலு நாள் குளிக்காமலே திரிந்தான். பெருமாள் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மிச்ச நூலில் ஒரு குல்லாய் தொடங்கியிருந்தார்.

அம்மா மாதப்பனை அனுப்பினாள்.

"அய்யா, மந்திரம் சொல்லித்தர அம்மா கூப்பிடுறாங்க."

பெருமாள் நிமிரவில்லை.

"இந்த வரிசை முடியட்டும். இருக்கச் சொல்லு."

மாதப்பன் பயந்துகொண்டே போய் அப்படியே சொன்னான்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்க் கருப்பட்டியைத் தட்டினாள்.